ஓலை வாசிக்காத ஜோடி

அந்த வருஷம் ஆடிக்கடல் வியாகுலத்துறைக்குச் சாளைமீன் தரவில்லை, சொல் தந்தது. காற்று ஓய்ந்த ஒரு விடியலில் கூடைகளோடு கரைக்குப் போன பெண்கள், வெறும் வலையைப் பார்த்தபடி நின்ற ஆண்களைத் தாண்டி ஈர மணலைப் பார்த்தார்கள். அலை விட்டுப்போன நுரைக்கு நடுவில், கோழிமுட்டை பருமனில், ஓடில்லாத சிப்பியைப் போல, கணவாய் மீனின் முதுகு மாதிரி மினுங்கிக்கொண்டு, கரை நெடுகக் கிடந்தன. ஒன்றைக் கையில் எடுத்தால் வெதுவெதுப்பாக இருந்தது, மெல்ல மூச்சு வாங்கியது, காதில் வைத்தால் ஒரே ஒரு சொல்லைச் சொன்னது, அதையே ஜெபமாலை உருட்டுகிறவர்கள் மாதிரி திரும்பத் திரும்பச் சொன்னது.

"இது ‘ரெயின்’ங்குதுளா" என்றாள் செலஸ்தீன்.

"இது ‘டேப்லெட்’ங்குது மயினி."

"எல்லாம் இங்கிலீஷாத்தான் இருக்கு. வழி தவறிக்கூட ஒரு தமிழ்ச்சொல்லு வரலியே."

அதற்கு மேல் யாரும் ஆச்சரியப்படவில்லை. கடல் எதைக் கொடுக்கும், எதை எடுக்கும் என்று கேட்பது அந்தத் துறையில் பழக்கமில்லை. கொடுத்ததைக் கூடையில் அள்ளுவதும், எடுத்ததற்காகக் கோயிலில் மெழுகுதிரி கொளுத்துவதும்தான் பழக்கம். கப்பலுக்குப் போய்வந்த ஆண்கள் வீட்டுக்கு வீடு இருந்ததால் சொற்கள் பெரும்பாலும் அறிமுகமானவையாகத்தான் இருந்தன. அவற்றை அள்ளினார்கள், தண்ணீர் தெளித்தார்கள், பழக்கதோஷத்தில் சிலர் உப்பும் போட்டார்கள். உப்புப் போட்டவை குரலை விட்டுவிட்டன.

பிரகாசி அன்று கரைக்குப் போனது மீனுக்காகவும் இல்லை, சொல்லுக்காகவும் இல்லை. வீட்டில் உட்கார்ந்திருக்க முடியாமல் போயிருந்தாள். புருஷன் போய்ச் சேர்ந்து பல காலம் ஆகிவிட்டது, மகளைத் தூரத்தில் கட்டிக்கொடுத்திருந்தாள். மகன் டெல்வின் ஒரு சரக்குக் கப்பலில் சமையற்கட்டு வேலைக்குப் போனவன், நடுக்கடலில் காய்ச்சலில் விழுந்தான். வாயில் நுழையாத பேருள்ள ஒரு துறைமுகத்தில் அவனை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு கப்பல் போய்விட்டது. கப்பலுக்குக் காத்திருக்கவா முடியும், அதுக்கும் அதன் பாடு. பிரகாசியிடம் மிச்சமிருந்தது ஒரு ஃபோன் நம்பர் மட்டும்.

வியாகுலத்துறையில் ஃபோன் பேச வேண்டுமென்றால் மாதா கோயில் கொடிமரத்தடிக்குத்தான் வரவேண்டும், வேறெங்கும் சிக்னல் எடுக்காது. சாயங்காலம் திரிகால ஜெபத்துக்கு மணி அடித்து முடிந்ததும் பிரகாசி அங்கே வந்து நம்பரை அழுத்துவாள், ஸ்பீக்கரில் போடுவாள், ஊர் சுற்றி நிற்கும். அந்தப் பக்கம் ஒரு நர்ஸ்பிள்ளை எடுப்பாள். அவளும் எந்த நாட்டிலிருந்தோ பிழைக்க வந்தவள்தான், இங்கிலீஷ் அவளுக்கும் தாய்மொழி இல்லை என்பது அவள் சொல்லுக்குச் சொல் நின்று நின்று பேசுவதிலேயே தெரியும்.

"ஹை ஃபீவர், மதர்" என்பாள். "நோ சேஞ்ச்."

"தேங்க் யூ சிஸ்டர்" என்பாள் பிரகாசி. கேட்க வேண்டியது அதற்குப் பிறகுதான் ஆயிரம் இருக்கும். கண் திறக்கிறானா, தண்ணீர் இறங்குகிறதா, தூக்கத்தில் என்னைக் கூப்பிடுகிறானா. ஒன்றுக்கும் அவளிடம் பேச்சு கிடையாது. ஊரில் இங்கிலீஷைக் கோத்துப் பேசத் தெரிந்தவள் எமல்டா டீச்சர் ஒருத்திதான். டவுனிலிருந்து கடைசி பஸ்ஸில் அவள் வந்து இறங்குவதற்குள் நர்ஸ்பிள்ளையின் வேலைநேரம் முடிந்துபோயிருக்கும். தினமும் அதே இரண்டு வார்த்தையை வாங்கிக்கொண்டு, முந்தானையில் முடிந்துகொண்டு போகிறவள் மாதிரி, பிரகாசி வீட்டுக்கு நடப்பாள். நடக்க நடக்க வீடு தூரமாகிக்கொண்டே போவது போல இருக்கும்.

சொற்கள் ஒற்றையாகத் தாங்கவில்லை. மறுநாளே நிறம் மங்கி, சுண்ணாம்பு பூத்து, குரல் தேய்ந்து கிடந்தன. செலஸ்தீனின் கூடையில் மட்டும் ‘ஹெவி’யும் ‘ரெயி’னும் ஒன்றின் வளைவில் ஒன்று படுத்துக்கொண்டு, புதுக்கருக்கு மாறாமல், இரண்டும் சேர்ந்து ஒரே குரலில் பேசிக்கொண்டிருந்தன. ஜோடி சேர்ந்தால்தான் இதுகளுக்கு உயிர் என்று ஊருக்கு அப்போதுதான் விளங்கியது. டவுனில் இங்கிலீஷ் வகுப்பு நடத்துகிற ஒருத்தரும் வேன் எடுத்துக்கொண்டு வந்து அதையேதான் சொன்னார்: ஜோடி என்றால் எடுத்துக்கொள்கிறேன், ஒத்தைச் சொல் பிள்ளைகளிடம் ஏற்கனவே குவிந்து கிடக்கிறது.

ஆனால் ஜோடி சேர்ப்பது என்றால் சும்மாவா? உபதேசியார் யாகப்பன் கோயில் காரியங்களை ஒரு நூல் பிசகாமல் பார்க்கிறவர். கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு பூசையில் ஓலை வாசிப்பது அந்தத் துறையில் எந்தக் காலத்திலும் தவறாத முறை. இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் விவாகம் நிச்சயித்திருக்கிறது, தடை ஏதும் தெரிந்தவர்கள் சொல்லக் கடமைப்பட்டவர்கள் என்று மூன்று முறை வாசித்த பிறகுதான் தாலி. கோயில் எல்லைக்குள் ஓலை வாசிக்காமல் எதுவும் எதோடும் குடித்தனம் நடத்தக்கூடாது என்று அவர் நின்றுவிட்டார். கடல்சரக்கு மூன்று ஞாயிறு தாங்காது என்று பெண்கள் முறையிட, பங்குச்சாமி தாடியைத் தடவிக்கொண்டு யோசித்து, ஒரே பூசையில் மூன்று ஓலையும் வாசித்துக்கொள்ளலாம் என்று அனுமதி கொடுத்தார்.

அப்படித்தான் வியாகுலத்துறையில் சொல்லுக்குச் சம்பந்தம் பேச ஆரம்பித்தார்கள். தங்கள் பிள்ளைகளுக்குப் பேசுவது போலவே பேசினார்கள், குணம் பார்த்தார்கள், பொருத்தம் பார்த்தார்கள், செய்கிற காரியம் பார்த்தார்கள். மாத்திரை போடுகிறோம் அல்லவா, அதனால் ‘டேப்லெட்’டுக்கு ‘புட்’டைப் பேசி முடித்தார்கள். சிகரெட் குடிக்கிறான் என்றுதானே சொல்கிறோம், ‘சிகரெட்’டை ‘ட்ரிங்க்’குக்குக் கொடுத்தார்கள். தப்பு செய்கிறவன் செய்கிறான், எனவே ‘மிஸ்டேக்’கை ‘டூ’ வீட்டுக்கு அனுப்பினார்கள். ஓலை வாசித்து, தீர்த்தம் தெளித்து, கோயிலுக்குப் பின்னாலிருந்த சிமெண்டுத் தொட்டியில் கடல்தண்ணீர் நிரப்பி விட்டார்கள். விடிந்து பார்த்தால் ஒன்றை ஒன்று கடித்துக் குதறிக்கொண்டு ஆளுக்கொரு மூலையில் செத்துக் கிடந்தன.

எமல்டா டீச்சர் கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு தொட்டியைக் குனிந்து பார்த்து, பள்ளிக்கூடத்துக் களைப்பு போதாது என்று இதுவும் சேர்ந்த களைப்போடு சொன்னாள். "டேப்லெட்டுக்கு ‘டேக்’தான் பொருந்தும் மாமி."

"எடுத்தா போதுமா டீச்சர்? வாயில போட வேண்டாமா?" என்றாள் செலஸ்தீன்.

"அவங்க அப்படித்தான் சொல்வாங்க. மிஸ்டேக்குக்கு ‘மேக்’. டீக்கு ‘ஸ்ட்ராங்’, மழைக்கு ‘ஹெவி’. மாத்திப் போட்டா ஒட்டாது."

"காரணம்?" என்றார் யாகப்பன்.

"காரணம் ஒண்ணும் இல்ல உபதேசியாரே. பழகிப் பழகி அப்படி ஆயிட்டு."

"காரணமில்லாம யாரு சேந்து இருப்பா?" என்று செலஸ்தீன் கையை விரித்தாள்.

கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்த அவள் புருஷன் தொம்மை தலையைத் தூக்காமல் சொன்னான். "நாம இல்லியா?"

அன்றைக்கு ஊர் சிரித்தது. பிரகாசியும் சிரித்தாள். தொம்மை அவளுடைய அண்ணன், அவன் வாயைத் திறப்பதே அபூர்வம். ஆனால் வீட்டுக்கு வந்து மாதா படத்துக்கு முன்னால் முழங்கால் போட்டபோது அந்தச் சிரிப்பு வடிந்து, டீச்சர் சொன்னது மட்டும் தங்கி நின்றது. வெயில் அடிக்கிறது, மழை பெய்கிறது, காற்று வீசுகிறது, பசி எடுக்கிறது, தூக்கம் வருகிறது. வெயில் ஏன் பெய்யாது, பசி ஏன் வீசாது என்று ஒரு நாளும் அவள் கேட்டதில்லை. யாரும் சொல்லிக்கொடுத்ததும் இல்லை. இந்தப் பேச்சுக்கும் எந்தக் காலத்திலோ யாரோ ஓலை வாசித்திருக்க வேண்டும், தடை சொல்ல ஆளில்லாமல் போயிருக்க வேண்டும், அதுகள் பாட்டுக்குச் சேர்ந்து நம் வாயில் குடியிருக்கின்றன. மாதாவே, என் பிள்ளை படுத்திருக்கிற ஊரின் பேச்சு எனக்குத் தெரியாதே, நான் அறுபதை எட்டப்போகிறேனே, இனி எந்தக் கதவைத் தட்டி எந்தச் சொல்லைக் கேட்பேன் என்று சொல்லிக்கொண்டே, ஜெபத்தின் பாதியில் அப்படியே நெற்றி தரையில் படக் கிடந்தாள்.

ஊர் மெதுவாகப் பழகிக்கொண்டது. டீச்சர் சொன்னதை வைத்துக் கொஞ்சம், தொட்டியில் அதுகளாகவே நெருங்குவதைப் பார்த்துக் கொஞ்சம் என்று ஜோடிகள் நிலைத்தன. வேன் வாரம் ஒரு தடவை வந்தது. பெண்கள் வாசலில் உட்கார்ந்து, சாளையையும் நெத்திலியையும் பிரிக்கிற கைவாக்கில், ‘மேக்’குக்கு உரியதையும் ‘டூ’வுக்கு உரியதையும் பிரித்தார்கள். நடுவில் ஒரு பிரச்சினையும் வந்தது. ‘ரெயி’னோடு ஓலை வாசித்து வைத்த ‘ஹெவி’, ஒரு மத்தியானம் ‘ட்ராஃபிக்’கோடு படுத்துக் கிடப்பதை யாகப்பன் பார்த்துவிட்டார். வேர்த்து விறுவிறுத்துப் பங்குச்சாமியிடம் ஓடினார்.

சாமி சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டுச் சொன்னார். "சொல்லுக்கு ‘விபசாரம் செய்யாதே’ன்னு ஆறாம் கட்டளை கிடையாது யாகப்பா. போய்ச் சாப்பிடு."

ஊர் ஓலை வாசித்ததிலேயே முதல் நாளிலிருந்து சரியாக அமைந்த சம்பந்தம் ஒன்று உண்டென்றால் அது ‘ஹை’யும் ‘ஃபீவ’ரும்தான். தினமும் சாயங்காலம் கொடிமரத்தடியில் கேட்டுக் கேட்டு எல்லாருக்கும் மனப்பாடம். அந்த ஓலை வாசித்த ஞாயிறு, தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று யாகப்பன் நிறுத்தியபோது பிரகாசிக்கு நாக்கு நுனிவரை வந்தது. என்ன தடை என்று சொல்வது? முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு தலையைக் குனிந்துகொண்டாள்.

‘ப்ரோக்’ வந்தது அதற்குப் பிறகு. கரையில் பிரகாசியின் காலடியில்தான் ஒதுங்கியது, மற்றதைவிடக் கருத்து, ஓரம் பிய்ந்த மாதிரி. காதில் வைத்ததும் பக்கத்தில் நின்ற செலஸ்தீனுக்கே கேட்டது.

"அதைப் போட்டுட்டு வாளா. எஞ்சின் ப்ரோக், பம்ப் ப்ரோக், போன வருஷம் நம்ம படகே ப்ரோக். அது நுழையாத வீடு இந்த ஊர்ல உண்டா? இனி கூடையில வேற தூக்கிட்டுப் போகணுமா?"

"வந்ததை எங்க விடச் சொல்லுதீங்க மயினி?"

"வந்த வழியே."

கடலில் போட்டாள், அடுத்த அலையில் வந்தது. கோயிலுக்குக் கொண்டுபோனாள். அபசகுனம் பிடித்ததை எந்தச் சொல் வீட்டில் கட்டிக்கொடுப்பது, அதற்கு ஓலை வாசிக்க மாட்டேன் என்றார் யாகப்பன். தொட்டியில் விட்டால் மற்ற பெண்கள் கத்தினார்கள். கடைசியில் பிரகாசி அதை வீட்டுக்குக் கொண்டுவந்து, மீன்குழம்பு வைக்கிற மண்சட்டி ஒன்றில் கடல்தண்ணீர் ஊற்றி, அதில் விட்டு, மாதா படத்துக்குக் கீழே வைத்தாள். இரக்கம் என்றுகூடச் சொல்ல முடியாது. ஒன்றைத் தூக்கி எறிவதற்கும் தெம்பு வேண்டும், அது அவளிடம் இல்லை. நாள் போகப் போக அதுவும் மங்கியது, குரல் இறங்கியது. காலையில் ஜெபம் முடிந்ததும் அதன் மேல் கொஞ்சம் தண்ணீர் தெளிப்பாள். "நீயும் ஒத்தை, நானும் ஒத்தை, கிட" என்பாள்.

ஒரு காலையில் வாசலைத் திறந்தபோது, கோயில் தொட்டியிலிருந்து அவள் வீட்டுப் படிவரைக்கும் மணலில் ஆமை நடந்த மாதிரி ஒரு தடம் வந்திருந்தது. சட்டியைப் பார்த்தாள். ‘ஃபீவர்’ தொட்டியை விட்டு ஏறி வந்து ‘ப்ரோக்’கின் வளைவுக்குள் படுத்திருந்தது. இரண்டும் புதிதாகப் பிடித்த மீனைப் போல மினுங்கின. ‘ப்ரோக்’கின் பிய்ந்த ஓரம் ‘ஃபீவர்’ மேல் சரியாகப் பொருந்தியிருந்தது.

ஊர் வாசலில் கூடிவிட்டது. கட்டினதை விட்டுவிட்டு வந்திருக்கிறதே என்றது ஒரு குரல், வந்ததுதான் வந்தது, இந்தத் தரித்திரத்தோடா என்றது இன்னொன்று. யாகப்பன் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார்.

"தங்கச்சி, ‘ஹை’ அங்க தொட்டியில தன்னந்தனியா கிடக்கு. காய்ச்சலும் உடைசலும் ஒரே சட்டியில கிடந்தா வீடு விளங்குமா? அதுவும் உன் வீட்டுல, உன் பிள்ளை இருக்கிற நிலைமையில?"

குனிந்து பிரிக்கப் பார்த்தார். வழுக்கியதே தவிர பிரியவில்லை. இரண்டு கையாலும் முயன்று, மூச்சு வாங்கி, நிமிர்ந்தார். "நீ இழு."

பிரகாசி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். "இருந்துட்டுப் போகட்டும் அண்ணாச்சி. பிரிக்கதுக்கு எனக்குத் தெம்பில்ல."

"ஓலை வாசிக்காத ஜோடி."

"ஆமா. ஓலை வாசிச்சதெல்லாம் கடிச்சுக்கிட்டுச் செத்துச்சே, அதையும் பாத்தோம்லா."

அவர் செருப்பை மாட்டிக்கொண்டு போனார். ஊரும் கலைந்தது, கலைகிற ஊர் போகிற போக்கில் நாலு வார்த்தை சொல்லாமல் போகுமா, அதையும் சொல்லிவிட்டுத்தான் போனது. பிரகாசி சட்டியைப் பக்கத்தில் இழுத்துக் காதை வைத்தாள். இரண்டும் ஒரே குரலில் பேசின. ஃபீவர் ப்ரோக், ஃபீவர் ப்ரோக் என்று, நெடுந்தூரம் தலைச்சுமை சுமந்து வந்தவள் சுமைதாங்கியில் இறக்கிவைத்துவிட்டு விடுகிற மூச்சு மாதிரி அந்தக் குரல் இருந்தது. மண்சட்டியின் வெளிப்பக்கம் வேர்த்திருந்தது. உள்ளங்கையை வைத்தால் ஜில்லென்று ஒரு ஈரம். எங்கேயோ தொட்ட ஈரம், எங்கே என்று ஞாபகம் வரவில்லை. வீட்டுக்குள் மழை பெய்து ஓய்ந்த மாதிரி ஒரு குளுமை பரவியது. டெல்வினை ஆஸ்பத்திரியில் சேர்த்த செய்தி வந்த நாளிலிருந்து கண்ணை மூடினாலும் மூடாதது போலவே கிடந்தவள், அந்தப் பகலில், சட்டியில் கை வைத்தபடியே தரையில் சரிந்து உறங்கினாள்.

அன்று சாயங்காலம் கொடிமரத்தடிக்குப் போனபோது கூட்டம் வழக்கத்தைவிட அதிகமாக இருந்தது. அபசகுனத்துக்குப் பலன் பார்க்க வந்தவர்கள் பாதிப்பேர். பிரகாசி நம்பரை அழுத்தினாள். மணி நெடுநேரம் போனது. எடுத்த நர்ஸ்பிள்ளையின் குரல் இரைச்சலுக்கு நடுவில் தேய்ந்து வந்தது, இரவெல்லாம் கண் விழித்தவளின் குரல்.

"மதர்... லாஸ்ட் நைட்... ஹிஸ் ஃபீவர் ப்ரோக்..."

அப்புறம் இரைச்சல். அப்புறம் அதுவும் இல்லை. திரும்ப அழுத்தினால் மணியே போகவில்லை.

‘ப்ரோக்’ என்றால் என்ன என்று அங்கே யாருக்கும் யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. தொம்மை தலைத்துண்டை அவிழ்த்து வாயில் பொத்திக்கொண்டான். செலஸ்தீன் பிரகாசியைக் கட்டிப்பிடித்து, "என் ராசா, கப்பலேறிப் போன என் ராசா" என்று குரலெடுத்தாள், அவளைத் தொடர்ந்து பெண்கள் எல்லாரும் எடுத்தார்கள். யாகப்பன் யாரையும் பார்க்காமல் மணிக்கூண்டுக்குப் போனார். அந்தத் துறையில் ஒரு ஆள் போய்விட்டால் முதலில் துக்கமணி, அதற்குப் பிறகுதான் மற்றது. மணி அடித்துவிட்டால் அந்த ஆள் போனதுதான், அடித்த மணியைத் திரும்ப வாங்க முடியாது.

பிரகாசி அப்படியே மணலில் உட்கார்ந்தாள். செலஸ்தீனின் தோளில் முகம் புதைந்து கிடந்தவளுக்கு அழுகை வரவில்லை, காதுக்குள் நர்ஸ்பிள்ளையின் குரல் மட்டும் நின்றது. சொல் அல்ல, சொல்லின் ராகம். சுமையை இறக்கி வைத்த மூச்சு. காலையில் சட்டிக்குள் கேட்டாளே, அதே மூச்சு.

அவள் எழுந்தாள். செலஸ்தீனின் கையை விலக்கிவிட்டு, கோயிலுக்கு அடுத்தாற்போல் இருந்த தன் வீட்டுக்கு, ஓடவில்லை, ஓட முடியாது, நடந்துதான் போனாள். சட்டியில் இரண்டும் அப்படியே கிடந்தன, ஒன்றின் வளைவில் ஒன்று, மினுங்கிக்கொண்டு. சட்டியின் வயிற்றில் கையை வைத்தாள். இப்போது ஞாபகம் வந்தது அந்த ஈரம். டெல்வினுக்கு நாலு வயசில் கொதிக்கிற காய்ச்சல், விடிய விடிய மடியில் போட்டுக்கொண்டு அருள்நிறை மந்திரம் சொல்லிக்கொண்டிருந்தாள், விடியும் நேரத்தில் பிள்ளையின் நெற்றி திடீரென்று வேர்த்துக் குளிர்ந்தது. காய்ச்சல் விட்டுவிட்டது என்று அவள் மாமியாரைக் கூப்பிட்டுச் சொன்னாள். விட்டுவிட்டது. நம் பேச்சில் காய்ச்சல் விடுகிறது. யார் பிடித்திருந்தார்கள் அதை, விடுவதற்கு? ஆனாலும் விடுகிறது என்றுதான் சொல்கிறோம்.

சட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு மணிக்கூண்டுக்கு வந்தாள். யாகப்பன் கயிற்றைக் கையில் சுற்றியிருந்தார்.

"கயித்த விடுங்க அண்ணாச்சி."

"தங்கச்சி, மனசைக் கல்லாக்கிக்க."

"எனக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனா இதுங்க ரெண்டும் காலையிலேருந்து என் வீட்டுல இருக்கு. நான் என் மாமியாரை அனுப்பியிருக்கேன், புருஷனை அனுப்பியிருக்கேன், சாவு வந்த வீடு எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும். அது இப்படி இருக்காது." சட்டியை நீட்டினாள். "தொட்டுப் பாருங்க."

அவர் கயிற்றை விடாமலே மற்ற கையை வைத்தார். கையை எடுக்கவில்லை. யாகப்பனும் அஞ்சு பிள்ளை வளர்த்தவர்.

"வேர்த்த நெத்தி மாதிரில்லா இருக்கு" என்றார் மெல்ல.

"காய்ச்சல் நமக்கு விடுது. அவங்களுக்கு உடையுது போல."

"அப்படின்னு யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல. இதுங்க சேந்து இருக்குல்லா."

பின்னால் அழுகை ஒவ்வொன்றாக ஓய்ந்துகொண்டு வந்தது. பிரகாசி சட்டியைக் கூண்டின் படியில் வைத்துவிட்டு அதன் பக்கத்திலேயே உட்கார்ந்தாள், நின்று பேச அவளால் ஆகவில்லை. "மணிக்குப் பதிலா ஓலை வாசிங்க. முறையாட்டு இருக்கட்டும். தடை தெரிஞ்சவங்க சொல்லட்டும்."

ஞாயிறும் இல்லை, பூசையும் இல்லை. யாகப்பன் கயிற்றைப் பார்த்தார், சட்டியைப் பார்த்தார், பிறகு கயிற்றை ஆணியில் மாட்டிவிட்டு, தொண்டையைச் செருமிக்கொண்டு வாசித்தார். கடலின் மகன் ‘ப்ரோக்’குக்கும் கடலின் மகள் ‘ஃபீவ’ருக்கும் விவாகம் நிச்சயித்திருக்கிறது, தடை ஏதும் தெரிந்தவர்கள் சொல்லக் கடமைப்பட்டவர்கள். ஒரு முறை வாசித்தார், யாரும் பேசவில்லை. இரண்டாம் முறை வாசித்தபோது கொடிமரக் கயிறு காற்றில் தட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது. மூன்றாம் முறை அவர் வாசித்து முடிப்பதற்கும் கடைசி பஸ் வந்து நிற்பதற்கும் சரியாக இருந்தது. எமல்டா டீச்சர் இறங்கி, இத்தனை பேர் ஒரு சட்டியைச் சுற்றி நிற்பதைப் பார்த்து, கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள்.

"நர்ஸ் இதைச் சொன்னாளா?" என்று கேட்டாள். "இந்த ரெண்டையும் சேத்தா?"

"சேத்துத்தான்" என்றாள் பிரகாசி.

டீச்சர் கைப்பையைக் கீழே போட்டுவிட்டு அவள் பக்கத்தில் படியில் உட்கார்ந்தாள். "காய்ச்சல் விட்டுட்டுன்னு சொல்லியிருக்கா மாமி."

"உடைஞ்சா விட்டதா?" என்றாள் செலஸ்தீன், கண்ணைத் துடைத்தபடி, கொஞ்சம் கோபமாகவே. "இது என்ன பேச்சோ. மனுஷியைக் கொன்னுட்டானுங்க."

சந்தோஷப்படுவதற்கும் உடம்பில் கொஞ்சம் மிச்சம் இருக்க வேண்டும். பிரகாசி சட்டியில் கையை வைத்தபடி அங்கேயே இருந்தாள்.

மறுநாள் சாயங்காலம் சட்டியையும் கூடவே எடுத்துக்கொண்டு கொடிமரத்தடிக்குப் போய் மடியில் வைத்துக்கொண்டாள். நர்ஸ்பிள்ளை எடுத்து "மதர், வெயிட்" என்றாள். ஏதோ உரசும் சத்தம் வந்தது, யாரோ மூச்சு வாங்கும் சத்தம் வந்தது. ஊர் ஃபோனை நெருங்கி வந்தது.

"யம்மா" என்றது ஃபோன். கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி.

கேட்க வேண்டும் என்று சேர்த்து வைத்திருந்த ஆயிரத்தில் ஒன்றுகூட வரவில்லை. "மக்கா, காய்ச்சல் விட்டுட்டா?" என்றாள்.

"விட்டுட்டும்மா."

அவள் கை தளர்ந்தது. சட்டி மடியிலிருந்து நழுவி, கொடிமரத்துக் கல்லில் பட்டு உடைந்தது. சத்தம் ஃபோனிலேயே அவனுக்குக் கேட்டிருக்க வேண்டும், "என்னம்மா அது?" என்றான். "ஒண்ணும் இல்ல மக்கா, சட்டி" என்றாள். கொட்டிய தண்ணீரோடு இரண்டும் சேர்ந்தே சரிந்து, மணலில் ஒரே தடமாக, கடலைப் பார்த்து நகர்ந்தன. யாரும் தடுக்கவில்லை. நல்ல காரியத்தில் மண்பாத்திரம் உடைந்தால் வாயில் அடித்துக்கொள்கிற ஊர் அது, அன்று ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. செலஸ்தீன் மட்டும் குனிந்து ஓடுகளைப் பொறுக்கிக்கொண்டே, "போகட்டும்ளா. எங்க வீட்டுல ரெண்டு சட்டி சும்மாதான் கிடக்கு" என்றாள்.

ஆவணியில் சொல் நின்று சாளை வந்தது. வேன்காரர் ஒரு தடவை வந்து தொட்டியை எட்டிப் பார்த்துவிட்டுப் போனார், பிறகு வரவில்லை. ஆனால் இன்றைக்கும் வியாகுலத்துறையில் ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டு, நெற்றி வேர்த்து, குளிர்ந்துவிட்டது என்றால், தாய்க்காரி ஒரு பழைய மண்சட்டியைக் கொண்டுபோய்க் கொடிமரத்தடியில் போட்டு உடைப்பாள். உடைத்துவிட்டு, கையைத் தட்டிக்கொண்டு, முதல் வேலையாக வீட்டுக்குப் போய்ப் படுத்து உறங்குவாள்.